மீன் காட்சியக வேலைக்கு ஆசைப்படும் மகள்: மதுரைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"மீன் தொட்டி கழுவுவதற்கா இவளை இவ்வளவு படிக்க வைக்கிறேன்?" என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஆசைப்படும் வேலையில் தொட்டி கழுவுவது நிறைய உண்டு. இளநிலைப் பட்டம் வாங்கியவரும் கழுவுவார், முனைவர் பட்டம் வாங்கியவரும் கழுவுவார். அதைத் தாழ்வாக நினைக்காத பிள்ளைக்குத்தான் இந்தத் துறை ஒத்துவரும். ஆகவே இதை மறைக்காமல் மகளிடம் பேசிவிடுங்கள்.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் தலைக்கு மேல் திருக்கை நீந்தும் சுரங்கப் பாதையில் நடந்தது முதல் அவள் இதையே சொல்கிறாள் என்கிறீர்கள். அங்கே அவள் பார்த்தது பார்வையாளர் பக்கம். வேலை நடப்பது சுவருக்குப் பின்னால். அங்கே பம்ப், வடிகட்டி, குழாய், ஈரத் தரை, புதிதாக வந்த மீன்களைத் தனியே வைத்துக் கண்காணிக்கும் தொட்டிகள், நறுக்கிய கணவாய் எல்லாம் இருக்கும். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தீனி போட்டார்கள் என்ற குறிப்பேடும் இருக்கும்.

கடலோர நகரங்களில் இப்படிப்பட்ட காட்சியகங்களைத் தண்ணீர் ஓரமாகக் கட்டுவது வழக்கம். இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்டது. மும்பையின் தாராபூர்வாலா காட்சியகம் 1951இல் மரைன் டிரைவில் வந்தது. அமெரிக்காவின் மான்டரே விரிகுடா காட்சியகம் 1984இல், மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய ஆலை இருந்த இடத்தில் எழுந்தது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் ஒரு காரணம். பக்கத்திலேயே கடல் நீர் கிடைப்பது இன்னொரு காரணம். மான்டரேயில் விரிகுடாவின் நீரைக் குழாயில் இழுத்துத் தொட்டிகளுக்குள் ஓடவிடுகிறார்கள். கடல் இல்லாத ஊரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற அளவில் உப்புக் கலவையைக் கரைத்து, கடல் நீரைத் தாங்களே தயாரிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஊழியரின் நாள் பெரும்பாலும் தண்ணீரைக் காப்பதிலேயே போகிறது. தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அதனால் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். நடுத்தரமான தொட்டி ஒன்றும், அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் போதும். மதுரையில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடும் கடின நீர். கப்பி, மோலி மீன்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். தொட்டி வைத்த அன்றே மீனைக் கொட்டக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், அந்தப் பாக்டீரியாவுக்காகத் துளி தீனி மட்டும் போட்டு அவள் பொறுத்திருக்க வேண்டும். சின்னக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி வைத்தால் சில நிமிடங்களில் நிறம் தெரியும். மஞ்சளாகவே நின்றால் நல்லது. பச்சைக்கு மாறினால் அம்மோனியா இருக்கிறது. தேதி போட்டு அதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். தேர்வு நேரத்திலும், காய்ச்சல் வந்த நாளிலும், வீட்டில் விசேஷம் நடக்கும்போதும் அந்தக் குறிப்பு விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் அழுதுவிட்டு விட்டுவிடுகிறாளா, காரணம் தேடுகிறாளா என்றும் பாருங்கள். எந்த நுழைவுத் தேர்வையும்விட இந்தக் குறிப்பேட்டையே நான் நம்புவேன்.

இனி படிப்பு. "கடல் உயிரியல்" என்று பெயர் இருந்தால் போதும் என்று கண்ட இடத்தில் சேர்த்துவிடாதீர்கள். என் பரிந்துரை தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. 1977 முதல் இருக்கும் கல்லூரி அது. இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நான்காண்டு இளநிலை மீன்வள அறிவியல் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட் மதிப்பெண் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. மீன் நோய், தீனி, நீரின் தரம், குஞ்சு பொரிப்பகம் என்று கை நனையும் படிப்பு இது. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரும் தொலைவுதான். மேற்படிப்புக்கு மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கடல் உயிரியலில் ஆராய்ச்சிதான் அவள் விருப்பம் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் இருக்கிறது. மீனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றால் கால்நடை மருத்துவம் வேறு பாதை, ஐந்தரை ஆண்டு.

வேலை நிச்சயமா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். இந்தியாவில் பெரிய மீன் காட்சியகங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. காட்சியகத்தை மட்டும் நம்பி நான்கு வருடம் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே பட்டத்தோடு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக மீன்வள ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகளுக்குப் போட்டியிடலாம். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதலாம். இறால் குஞ்சு பொரிப்பகங்கள், தீவன நிறுவனங்கள், ஆராய்ச்சித் திட்டங்கள் இருக்கின்றன. சொந்தமாக வண்ணமீன் பண்ணை வைக்க நினைத்தால் 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 விழுக்காடு வரை மானியத்துக்கு வழி உண்டு. மகளின் ஆசையும் உங்கள் நிம்மதியும் ஒரே பட்டத்தில் அடங்குவதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கடலில் இறங்கி மூழ்க வேண்டியிருக்குமே, பெண் பிள்ளையாயிற்றே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். உங்கள் மகள் இறங்கப்போவது முறையான பயிற்சிக்குப் பிறகு, துணையோடு. இப்போதைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள். நீச்சல் எந்த வேலைக்குப் போனாலும் வீணாகாது. கூடவே பள்ளிப் பிள்ளைகள் முன் நின்று ஐந்து நிமிடம் ஒரு மீனைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பழகட்டும். காட்சியகங்களில் விளக்கிச் சொல்லத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு.

வெளிநாட்டில் இளநிலையே படிக்க வைக்கிறோம் என்று முகவர் ஒருவர் பேசியதாகச் சொன்னீர்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். இங்கே பட்டமும் இரண்டு வருட அனுபவமும் பெற்றபின், உதவித்தொகையோடு முதுநிலைக்குப் போகட்டும்.

இந்த விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் ரயிலில் ஏறி மண்டபத்தில் இறங்குங்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அங்கே இருக்கிறது. தலைமையகம் கொச்சிக்குப் போகும் முன் அங்கேதான் இருந்தது. பொதுமக்கள் பார்க்கும் மீன் காட்சியகமும் உண்டு, நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மீன்களைப் பார்த்து முடித்ததும், தண்ணீரை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று அங்குள்ள ஊழியரிடம் உங்கள் மகளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பு பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வரும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, மகளையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். தொட்டிக் குறிப்பேட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.