லண்டனா, ஷெஃபீல்டா? கோவையிலிருந்து கேட்ட ஒரு தாயாருக்கு

அம்மா, வணக்கம்.

மகளுக்கு இயந்திரப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு லண்டனிலும் ஷெஃபீல்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. "வடக்கே அனுப்பாதீங்க அண்ணி, அங்க ஒண்ணும் கிடையாது" என்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் சொன்னதிலிருந்து தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. எந்தப் பாதி என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் வடக்கு, தெற்கு என்ற பேச்சு வெகுகாலமாக உண்டு. நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த மான்செஸ்டர் வடக்கில்தான் இருக்கிறது. பஞ்சாலை அங்கே, எஃகு ஷெஃபீல்டில், நிலக்கரி நியூகாசில் பக்கம், கப்பல் லிவர்பூலில். உலகத்துக்கே சரக்கு செய்து அனுப்பிய ஊர்கள். பிறகு ஆலைகளும் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. மில் மூடினால் சுற்றியுள்ள தெருக்கள் என்ன ஆகும் என்று கோயம்புத்தூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984-85ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்து தோற்ற வலி அங்கே இன்னும் ஆறவில்லை. வங்கியும் நிதித் தொழிலும் லண்டனில் குவிந்தன, சம்பளமும் அங்கேயே ஏறியது. எல்லா முடிவையும் லண்டன்தான் எடுக்கிறது என்ற மனத்தாங்கல் வடக்கில் இன்றும் உண்டு. அதிவேக ரயில் பாதை மான்செஸ்டர் வரைக்கும் வராது என்று 2023 அக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். அதுவும் மான்செஸ்டரிலேயே மேடை போட்டு.

சரி, இதெல்லாம் உங்கள் மகளை எங்கே தொடுகிறது?

முதலில் செலவு. மாணவர் விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகையிலேயே இந்த வித்தியாசம் தெரியும். 2025 ஜனவரியில் லண்டனுக்கு மாதம் 1,483 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,136 என்று வைத்தார்கள். அதன்பிறகு ஏற்றியும் விட்டார்கள், அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதத்துக்கு வித்தியாசம் மட்டும் 3,123 பவுண்டு, நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். நீங்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப்போகிறீர்கள், இந்தத் தொகையைச் சின்னது என்று நினைக்காதீர்கள்.

கொழுந்தனார் சொன்னதில் உண்மையான பாதி வேலையில் இருக்கிறது. அவர் சொன்ன காரணம் வேறு, நான் பயப்படுகிற காரணம் வேறு. படிப்பு முடிந்ததும் பட்டதாரி விசாவில் தங்கி வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 18 மாதம்தான், உங்கள் மகள் அந்தக் கணக்கில்தான் வருவாள். அதற்குமேல் இருக்க, நிறுவனம் ஒன்று அவளுக்கு வேலை விசா எடுத்துத் தர வேண்டும். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை முதல் பொதுவாக 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குச் சலுகையாக 33,400. அந்தந்த வேலைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. இந்தக் கோடு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். லண்டனில் சம்பளம் கூட, எட்டிவிடலாம். வடக்கில் அதே வேலைக்குச் சம்பளம் குறைவாக இருந்தாலும் தாண்ட வேண்டியது அதே கோடு. வாடகை குறைவு என்று விசா அதிகாரி தள்ளுபடி தரமாட்டார். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போய்த் திணறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இருந்தாலும் நான் ஷெஃபீல்டைத்தான் சொல்வேன். காரணம் அவள் எடுத்திருக்கும் படிப்பு. 1984ல் சுரங்கத் தொழிலாளர்களும் போலீசும் மோதிய ஓர்க்ரீவ், ஷெஃபீல்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே நிலக்கரி தோண்டிய மண்ணைச் சீர்செய்து இன்று உயர்தொழில்நுட்ப உற்பத்திப் பூங்கா கட்டியிருக்கிறார்கள். 2001ல் போயிங்கும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய உற்பத்தி ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது, ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின் பிளேடு வார்க்கிறது. சண்டர்லாந்தில் நிசான் கார் ஆலை, ஹல்லில் சீமென்ஸின் காற்றாலை இறக்கை ஆலை. லேத்தும் வார்ப்படமும் பார்த்து வளர்ந்த பீளமேட்டுப் பிள்ளைக்கு இது பழகிய உலகம். அவள் நிதித்துறை படிப்பதாக இருந்தால், கடன் கூடினாலும் லண்டனுக்கே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

அங்கத்து மனிதர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெற்கத்திக்காரர்கள் வடக்கை முரட்டு ஊர் என்பார்கள், வடக்கத்திக்காரர்கள் தெற்கில் பக்கத்து வீட்டுக்காரனே பேசமாட்டான் என்பார்கள். எந்தப் பக்கமும் சேர வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லி வையுங்கள். ஷெஃபீல்டில் படித்த என் மாணவி ஒருத்தியை, பேராசிரியர் ஒருவர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு "டீ"க்கு அழைத்தார். பிஸ்கட் இருக்கும் என்று நினைத்து அவள் அறையிலேயே சோறு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். போனால் மேசை நிறைய உணவு. வடக்கில் பலரும் இரவுச் சாப்பாட்டையே டீ என்பார்கள், மதியச் சாப்பாட்டை டின்னர் என்பார்கள். கடைக்கார அம்மா "லவ்" என்று கூப்பிட்டால் நம் ஊர் "கண்ணு" மாதிரி எடுத்துக்கொள்ளலாம். பேச்சு காதுக்குப் பழக ஒரு மாதம் ஆகும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வேலை விசா தர உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் வெளியிடுகிறது, ஊர்ப் பெயரோடு. பாப்பாவை அதில் ஷெஃபீல்டு, ராதரம், லீட்ஸ், டார்பி என்று தேடி, அவள் துறையில் இருக்கும் நாற்பது நிறுவனங்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். சனிக்கிழமை அந்தப் பட்டியலோடு வாருங்கள், கடன் தாளையும் எடுத்துக்கொண்டு.