மற்றவர்கள் சலிப்பு என்று தாண்டிப் போகும் எந்தப் பகுதியை நீங்கள் விரும்பி ரசிக்கிறீர்கள்?

விளையாட்டு, வீடியோ கேம், இசை, எதிலிருந்து வேண்டுமானாலும் சொல்லலாம் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எனக்கு மூன்றிலுமே பதில் உண்டு. டெஸ்ட் கிரிக்கெட்டில் ரன் வராத ஓவர்கள், ஊரைக் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வீடியோ கேமின் முதல் பத்து நிமிடங்கள், கர்நாடக இசைக் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். இந்த மூன்றும் இல்லாமல் எனக்கு ஒரு வாரம் போவது அரிது.

ரன் வராத ஓவர்கள் என்றதும் பலரும் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் பாபு நட்கர்னியின் பெயரைச் சொல்வார்கள். 1964 ஜனவரியில், சென்னை நேரு ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 32 ஓவர் வீசி 5 ரன் மட்டும் கொடுத்தார். 27 மெய்டன் (ரன்னே வராத ஓவர்கள்), அவற்றில் 21 தொடர்ச்சியாக வந்தவை. 131 பந்துகளுக்கு ஒரு ரன்கூடக் கிடையாது. வலைப்பயிற்சியில் ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதன் மேலேயே பந்து விழும்படி பழகியவர் அவர் என்பார்கள். அந்தத் துல்லியத்தை மதிக்கிறேன். ஆனால் நான் தேடுவது அது அன்று. அந்த இன்னிங்ஸில் அவருக்கு விக்கெட் எதுவும் விழவில்லை. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளும் டிராவில்தான் முடிந்தன. ரன் எடுத்தே ஆகவேண்டிய மட்டையாளருக்கு ரன் மறுக்கப்படும்போதுதான் எனக்கு நாற்காலியின் நுனிக்கு வரத் தோன்றுகிறது.

அஸ்வின் இடக்கை மட்டையாளருக்கு வீசியதை நினைத்துப் பாருங்கள். பந்து வெளியே திரும்புகிறது. மறுபடி வெளியே. இன்னும் கொஞ்சம் மெதுவாக, அதுவும் வெளியே. மட்டையாளரின் கால் மெல்ல மெல்ல அந்தக் கோட்டுக்குப் பழகிவிடுகிறது. பிறகு ஒரு பந்து திரும்பாமல் நேராக வந்து முன்காலில் படுகிறது. இரவு ஹைலைட்ஸில் அந்தக் கடைசிப் பந்தை மட்டும் காட்டுவார்கள். அதைப் பார்ப்பவருக்கு ஒரு நல்ல பந்து தெரியும், அவ்வளவுதான். விக்கெட் அந்தப் பந்தில் விழுந்தது. எடுக்கப்பட்டது அதற்கு முந்தைய மூன்று ஓவர்களில்.

1999 சேப்பாக்கம் டெஸ்டையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. இந்தியா 82 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்திருந்தது. முதுகு வலியோடு சச்சின் எடுத்த 136, வெறும் 12 ரன்னில் வந்த தோல்வி, எதிரணிக்காக அரங்கமே எழுந்து கைதட்டியது எல்லாம் அனைவருக்கும் நினைவிருக்கும். நான் திரும்பத் திரும்பப் போவது சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து எடுத்த 136 ரன் கூட்டணியின் தொடக்கத்துக்கு. விக்கெட் போகக்கூடாது, ரன்னும் வேண்டும், ஒரு முனையில் பாகிஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக். தடுத்து ஆடிய ஒவ்வொரு பந்திலும் ஆட்டம் ஒரு நூல் நகர்கிறது. அந்த மணி நேரத்தைப் பார்க்காமல் கடைசி ஓவர்களை மட்டும் பார்த்தால், சச்சின் ஆட்டமிழந்தபோது சேப்பாக்கம் ஏன் அப்படி உறைந்துபோனது என்பது பாதிதான் புரியும்.

அதே 1999-இல் வெளிவந்ததுதான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. பெரும்பாலான இரவுகளில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் தூங்கப் போகிறேன். விடுமுறைக்கு வரும் என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, சண்டை எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். "இதுதான் சண்டை" என்பேன். அவன் நம்புவதில்லை. திரையில் நாலைந்து பேர் ஆடு அறுத்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேர் மரம் வெட்டுவார்கள்.

ஆனால் அது சண்டைதான். ஓர் ஊர்மையம், மூன்று கிராமத்தார், ஒரு குதிரை வீரன் ஆகியோரோடு ஆட்டம் தொடங்குகிறது. ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவும் 25 வினாடியும் ஆகும். ஊர்மையம் சும்மா நிற்கும் ஒவ்வொரு 25 வினாடிக்கும் ஓர் ஆள் குறைவு. அந்த ஆள் கடைசிவரை வெட்டியிருக்கக்கூடிய மரமும் குறைவு. ஆடு ஒன்றில் 100 உணவு, காட்டுப்பன்றியில் 340. பன்றியைச் சீண்டிவிட்டு ஊர்மையத்துக்கு ஓடிவர வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் ஆள் காலி. மூன்றாம் நிமிடத்தில் வீடு கட்ட மறந்தவர், இருபதாம் நிமிடத்தில் கோட்டை எழுப்பக் கல் இல்லாமல் நிற்பார். யானைகள் மோதும் காட்சி எனக்கும் பிடிக்கும்தான். ஆனாலும் இரண்டு பேர் ஏறத்தாழ சமமாக ஆடும்போது, யார் வெல்வார் என்பது அந்த ஆட்டுத்தொழுவத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

2022-இல் இந்த விளையாட்டுக்கு வந்த இந்திய வம்சங்கள் என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் என்ற நாகரிகத்தைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து நான் ஆடுவது பெரும்பாலும் அதைத்தான். அவர்களுடைய வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். சுருள்வாள் வீசும் உறுமி வீரர்கள், திரிசடை என்னும் போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தொடரும் தனிக்கதை எல்லாம் உண்டு. குதிரைப்படை மிகவும் பலவீனம். பலம் முழுவதும் காலாட்படையிலும் கடலிலும் யானையிலும். தென்னாட்டு உருக்கை ஒரு தொழில்நுட்பமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பெற்றுவிட்டால் எதிரியின் கவசம் உதவாது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் இவர்களுக்கு 200 மரம் கூடுதலாகக் கிடைக்கும். அதை எதில் செலவழிப்பது என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவர்களை ஆடலாம்.

இனி தனி ஆவர்த்தனம். எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான்.

மார்கழிக் கச்சேரிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். பிரதான உருப்படி முடிவை நெருங்குகிறது, பாடகர் அங்கேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம் உச்சத்துக்குப் போய் நிற்கிறது, பாடகர் மிருதங்க வித்வானைப் பார்த்துத் தலையசைக்கிறார். அரங்கத்தில் நாலில் ஒரு பங்கு எழுந்து கேண்டீனுக்குப் போகிறது. மேடையில் பல ஆண்டுப் பயிற்சி பேசத் தொடங்கும் நேரம் அது. சில கச்சேரிகளில் நேரமில்லை என்று தனியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவதைக் காணும்போது மனம் நோகிறது. 1966-இல் பாலக்காடு மணி ஐயருக்கு சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை. பக்கவாத்தியம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கவேண்டிய கலை அன்று இது.

உள்ளே நடப்பது என்ன? ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. 'ததிங்கிணதொம்' என்ற மிருதங்கச் சொல் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை வாசித்தால் 15. சுற்றின் முதல் 17 மாத்திரை கழிந்ததும் அதைத் தொடங்கினால், சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து இறங்கும். இது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. வித்வான்கள் கட்டும் கோர்வைகள் (இப்படிக் கணக்காக வந்து முடியும் கோவைகள்) பல சுற்றுகளுக்கு நீளும். நடுவில் நடை மாறும்: அட்சரத்துக்கு நான்கு என்பது மூன்றாகும் (திஸ்ரம்), அல்லது ஐந்தாகும் (கண்டம்). பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சமத்திலிருந்து தள்ளி இருந்தால் அந்த இடத்தில் போய் முடியவேண்டும். மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசிக்கும் குறைப்பில் வாக்கியங்கள் பாதியாகி, மேலும் பாதியாகி, கடைசியில் இரண்டும் கலந்து ஒன்றாகின்றன. அந்த இடத்தில் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். கணக்கு சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமே இல்லாத தனிகளை நான் கேட்டதுண்டு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்துப் பூசி வித்வான் எழுப்பும் கும்கி என்னும் அந்த ஆழ்ந்த ஒலி, சொற்களுக்கு நடுவே அவர் விடும் மௌனம், இவை இருந்தால்தான் கணக்குக்கு உயிர் வரும்.

தனி புரியவில்லை என்று எழுந்து போகிறவர் நீங்கள் என்றால், ஒருமுறை தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு முடிந்தது. மணி ஐயர், இன்னொரு மிருதங்க மேதையான பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆதி தாளத்தில் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்கும்போது தாளம் விட்டுப்போனால் நிறுத்தவேண்டாம். மேடையில் பாடகரின் கையைப் பாருங்கள், அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.