வாங்கும் முன்: மாதிரி விமானமும் அதன் பேட்டரியும்

கேள்வி: மகனுக்காக இணையத்தில் ரிமோட் விமானம் வாங்கினேன். பெட்டியில் வந்த சார்ஜரையே பயன்படுத்தினோம். மூன்றாம் வாரத்தில் பேட்டரி உப்பிவிட்டது. பேட்டரிக்கு உத்தரவாதம் இல்லை, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதும் இல்லை என்கிறார் விற்பனையாளர். — பாளையங்கோட்டை வாசகி

பதில்: அம்மா, வழக்கை விடப் பாதுகாப்பு முக்கியம். உப்பிய லித்தியம் பாலிமர் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவோ, அழுத்தவோ, குத்தவோ வேண்டாம். பேட்டரி, சார்ஜர், பெட்டி ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு, பேட்டரியை மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் வைத்து, பிள்ளைகள் கைபடாதபடி வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

இனி அந்த வாசகத்துக்கு வருகிறேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டுவிட்டால் சட்டம் வாசலோடு நின்றுவிடும் என்று நம் ஊரில் பல கடைக்காரர்கள் நம்புகிறார்கள். வாங்குபவர்களும் அதை நம்பிவிடுவதுதான் எனக்குத் தாளாத வருத்தம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கப்படவில்லையென்றால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. மதுரையில் ஒரு கடையில் நான் வாங்கிய பேட்டரியின் உறையில், மின்சாரத்தைத் தேக்கும் அளவு 2200 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தது. சார்ஜரில் அளந்தபோது 1400-க்கு மேல் ஏறவே இல்லை. அந்தக் கடைக்காரரும் இதே வாசகத்தைத்தான் விரல் வைத்துக் காட்டினார். உள்ளே பழைய செல்லை வைத்து மேலே புது உறை ஒட்டுவது வணிகம் அல்ல, ஏமாற்று. மின்சார விமானத்தில் அது தீ விபத்துக்கும் வழி.

உங்கள் வழி எளிது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். எழுத்தில் புகார் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பெட்டியில் வந்த சார்ஜரையே பயன்படுத்தினீர்கள் என்பது உங்களுக்கு நல்ல சான்று; அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று செல் பேட்டரிக்குரிய சார்ஜர் விலை அதிகம். வயலில் மருந்து அடிக்கும் ஸ்பிரேயரின் 12 வோல்ட் சார்ஜரை ஒயர் மாற்றி இணைத்து, இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறேன். இதுவரை கெடுதல் இல்லை. தொடரலாமா? — தென்காசி வாசகர்

பதில்: இன்றே நிறுத்துங்கள். அந்த சார்ஜர் ஈய அமில பேட்டரிக்கானது. 14 வோல்ட் அளவுக்குப் போகும். உங்கள் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதாக ஏறினால் 12.6 வோல்ட், அதாவது ஒரு செல்லுக்கு 4.2, அதைத் தாண்டினால் தீப்பிடிக்கலாம். மூன்று செல்களையும் தனித்தனியே கவனித்துச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் இந்தப் பேட்டரியைத் தொடவே கூடாது. 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும், பக்கத்தில் ஆள் விழித்திருக்க வேண்டும். விமானத்துக்குப் பணம் கொடுத்தவர் சார்ஜருக்குக் கணக்குப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் தூங்குபவர்கள் உங்களை நம்பித் தூங்குகிறார்கள்.

கேள்வி: ஆடியில் பறக்கவிடலாமா? — பணகுடி வாசகர்

பதில்: உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். ஒரு கிலோகூட இல்லாத ஃபோம் விமானம் அதில் நிற்காது. காற்று அடங்கியபின், அதிகாலையில், மின்கம்பிகள் இல்லாத திடலில் பறக்கவிடுங்கள்.

கேள்வி: கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு அருகில் எங்கள் தோட்டம் இருக்கிறது. சொந்த நிலத்தில் பறக்கவிடத் தடை உண்டா? — ராதாபுரம் வாசகர்

பதில்: பறக்கவிடாதீர்கள். நிலம் உங்களுடையது, வானம் அப்படியல்ல. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. அணுமின் நிலையம் போன்ற இடங்களைச் சுற்றி வரையறுக்கப்படும் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் ஆகியவற்றின் பக்கமும் போக வேண்டாம். வேறு எந்த இடமானாலும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் மண்டலத்தைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: ரசீது இல்லாமல் வாங்கினால் இருநூறு ரூபாய் குறைவு என்கிறார்கள். — அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ரசீது வாங்குங்கள். பிறகு புகாரோடு வந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

கேள்வி: வீட்டுக்குள் பேட்டரியை இணைத்ததும் மோட்டார் சுழன்று என் தம்பியின் இரண்டு விரல்கள் கிழிந்தன. பெட்டியில் சீன மொழித் தாள் மட்டுமே இருந்தது. கடைக்காரர், "பார்த்துப் பிடித்திருக்க வேண்டும்" என்கிறார். — சங்கரன்கோவில் வாசகி

பதில்: தம்பி விரைவில் குணமடையட்டும். கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள். சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராத பொருளால் காயம் ஏற்பட்டால், தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருள் என்றால், அந்தப் பொறுப்பு விற்றவர் மேல் வரும். மருத்துவமனைச் சீட்டு, பில், அந்தத் தாள், பெட்டி அனைத்தையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடருங்கள்.

அந்தத் தாள் தமிழில் இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது: முதலில் ரிமோட்டை இயக்கி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி கீழே இருப்பதை உறுதிசெய்த பிறகுதான் விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும், முடித்ததும் பேட்டரியை முதலில் கழற்றி, ரிமோட்டைக் கடைசியாக அணைக்க வேண்டும். பேட்டரி இணைந்துவிட்டால் புரொப்பல்லர் எந்த நொடியும் சுழலும் என்றே கொண்டு, அதன் முன்னும் பக்கத்திலும் கையோ முகமோ வரக்கூடாது. வீட்டுக்குள் சோதிப்பதென்றால் புரொப்பல்லரைக் கழற்றிவிட வேண்டும். அப்படிக் கழற்றிய நிலையில் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லையென்றால், அந்த விமானத்தைப் பறக்கவிடாமல் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.