மழையும் வெயிலும் மாறி மாறி வரும்போது மாரத்தான் பயிற்சியில் ஆர்வம் குறையாமல் இருப்பது எப்படி?

"ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் கொளுத்தும் வெயில், நடுவில் காற்று. திட்டப்படி ஓட முடியவில்லை, ஆர்வமே போய்விட்டது" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இது உங்கள் முதல் மாரத்தான். எங்கிருந்தோ ஒரு 16 வாரத் திட்டத்தை இறக்கி, அச்சடித்து, அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பீர்கள். அதில் பெருக்கல் குறிகள் விழ ஆரம்பித்திருக்கும். தூங்கப் போகும்முன் ஒரு தடவை, அலாரம் அடித்ததும் ஒரு தடவை, ஷூவைக் கையில் எடுத்தபின் இன்னொரு தடவை வானிலை ஆப்பைத் திறந்து பார்ப்பீர்கள். சரிதானே?

ஆளைக் கவிழ்ப்பது, போகலாமா வேண்டாமா என்று நமக்குள்ளேயே நடக்கும் அந்தப் பேரம்தான். மழைக்கு 60 சதவீதம் வாய்ப்பு என்பதைப் படுக்கையில் படுத்தபடி வாசித்தால், ஜெயிப்பது எப்போதும் படுக்கைதான். அதனால் பேரத்தை முந்தின இரவே முடித்துவிடுவது என் வழக்கம். ஓட்டத்தை நிறுத்த நான் ஒத்துக்கொள்ளும் காரணங்கள் கொஞ்சம்தான்: இடி மின்னல், தரையில் வழுக்கும் பனிக்கட்டி, கிளையை முறிக்கும் காற்று, எச்சரிக்கை விடும் அளவுக்கு வெப்பம். இடிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. தூறல், சேறு, புழுக்கம், "வானம் ஒரு மாதிரி இருக்கிறது" இதெல்லாம் என் பட்டியலில் கிடையாது.

நான் பயிற்சியாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பரிசு வாங்க மேடை ஏறியதும் கிடையாது. "நீ யார் சொல்வதற்கு" என்று கேட்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாருமில்லை. ஆனால் எல்லா விதமான வானத்தின் கீழும் ஓடியிருக்கிறேன், அது கொஞ்சமாவது கணக்கில் வரும்தானே.

போன பந்தயத்துக்கு முன்னால் திட்டத்திலேயே நீளமான லாங் ரன், 32 கிலோமீட்டர். கிளம்பும்போது வானம் வெளிறிக் கிடந்தது, அவ்வளவுதான். நானும் கூட ஓடும் தங்கச்சி ஒருத்தியும் (கூடப் பிறந்தவள் இல்லை, ஓட்டத்தில் கிடைத்தவள்) ஒரே சாலையில் 16 போய் 16 திரும்புவதாக ஏற்பாடு. திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொட்ட ஆரம்பித்தது. இடி இல்லை, வெறும் மழை, ஆனால் ஊசி மாதிரிச் சாய்ந்து அடித்தது. அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, விட்டுடலாமா?"

"எங்கடி விடறது? வீட்டுக்குப் போகவே பதினாறு கிலோமீட்டர் ஓடணும்."

அவள் முறைத்தாள், அப்புறம் சிரித்துவிட்டாள். ஓடினோம். வீட்டைச் சுற்றிச் சுற்றி வட்டமடிப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் வாசலைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் வாசல் கூப்பிடும். மழைக்காலத்தில் நான் போய்த் திரும்பும் பாதையைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை. காற்று இருந்தால் போகும்போது எதிர்க்காற்றாக இருக்கும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நனைந்து களைத்து வரும்போது முகத்தில் குளிர்காற்று அடித்தால் உடல் சூடு சட்டென்று இறங்கும். அதே காரணத்துக்காகத்தான் நனைந்த பிறகு எங்கேயும் ஒதுங்கி நிற்காதீர்கள் என்பேன். நாங்கள் ஒரு கூரையின் கீழ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். பல் கிட்டியதுதான் மிச்சம்.

மழையில் ஓட முன்பக்கம் விளிம்பு நீண்ட தொப்பி வேண்டும். கண்ணில் தண்ணீர் விழவில்லை என்றால் பாதி மழை குறைந்த மாதிரி. உரசும் இடத்தில் எல்லாம் வாசலின், முக்கியமாக உள்ளாடைப் பட்டி படும் இடத்தில். ஈரத்துணி தோலை அறுப்பது ஓடும்போது தெரியாது, குளிக்கப் போய்த் தண்ணீர் பட்டதும்தான் உயிர் போகும். ஷூவை வெயிலில் வைக்காமல் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், தாள் ஊறியதும் மாற்றுங்கள்.

அப்புறம் வாட்ச். தொடுதிரை வாட்ச் என்றால் மழையில் திரையைப் பூட்டிவிடுங்கள். அன்றைக்கு மழைத்துளியே என் வாட்சைத் தட்டி ஓட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 24 சொச்சம் காட்டுகிறது. எங்கள் ஓட்டக் குழுவில் இதைச் சொன்னால், ஒரு பெரியவர், "பதிவாகாதது ஓட்டத்தில் சேராதும்மா" என்கிறார். என் காலுக்குத் தெரியாதா எத்தனை ஓடியது என்று? ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்காகவே ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகக் கணக்கு) குறைந்த நாளில் அந்தப் படமே வராது, கவனித்திருக்கிறீர்களா? சரி, விடுங்கள்.

உங்கள் ஆர்வம் போனதற்கு அந்தப் பேஸும் ஒரு காரணமாக இருக்கலாம். போன வாரம் குளுமையில் ஓடிய வேகத்தை இந்த வாரப் புழுக்கத்தில் தேடினால் கிடைக்காது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும், இதயம் இரண்டு வேலை பார்க்கும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கூடி, வியர்வை சீக்கிரம் தொடங்கி, அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும். நடுவில் குளுமை வந்து நீடித்தால் பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் மாறும் வானிலையில் வேகத்தை மறைத்துவிட்டு நேரத்தையும் மூச்சையும் வைத்து ஓடுங்கள். "இன்று 70 நிமிடம், பேச முடிகிற அளவில்." முடிந்தால் டிக் போடுங்கள். ஈஸி ரன்னில், அதாவது மெதுவாக ஓட வேண்டிய நாளில் கூடப் பேஸ் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

பந்தய நாளிலும் வானம் நம் பேச்சைக் கேட்பதில்லை. 2018 பாஸ்டன் மாரத்தான் கொட்டும் குளிர்மழையிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். ஆண்களில் ஜெயித்தவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி, அப்போது முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பெண்களில் டெஸிரீ லிண்டன். ஆரம்பத்திலேயே உடம்பு ஒத்துழைக்காமல் விலகிவிடலாமா என்று யோசித்தவர், சக ஓட்டக்காரர் ஷலேன் ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். அப்படியும் 2:39:54இல் முதலாவதாக வந்தார். நான் இதை ஊக்கப் பேச்சாகச் சொல்லவில்லை, அந்த மாதிரி வீடியோக்கள் எனக்கு ஆகவே ஆகாது. பந்தயத்தன்று மழை பெய்தால் ஏற்கெனவே மழையில் ஓடிப் பழகியவருக்கு ஒரு பதற்றம் குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

உடனே யாராவது வந்து "ட்ரெட்மில் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு" என்பார்கள். இருக்கட்டும், நானும் இடி மின்னல் நாளில் ஏறுகிறேன். ஆனால் மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்து ஓட முடிகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

உண்மையில் எனக்குக் கோபம் வானத்தின் மேல் இல்லை, பந்தயம் நடத்துகிறவர்கள் மேல்தான். ஒரு பந்தயத்தில் விடியற்காலை 5 மணிக்குத் தொடக்கம் என்று போட்டார்கள். மேடையில் ஒவ்வொருவராகப் பேசி முடித்து அனுப்பும்போது ஆறு தாண்டிவிட்டது. குளிருக்குப் போர்த்தியதை எல்லாம் பையில் கட்டி ஒப்படைத்துவிட்டு, மெல்லிய பனியனில் நடுங்கிக்கொண்டு கைதட்டினோம். அதே ஒரு மணி நேரத் தாமதத்தால் கடைசிப் பத்து கிலோமீட்டர் உச்சி வெயில், தண்ணீர் மேசைகளில் பாதி காலி. மாதக்கணக்கில் மழையையும் வெயிலையும் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? நீங்கள் பதிவு செய்திருக்கும் பந்தயம் போன வருடம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதா என்று ஏற்கெனவே ஓடியவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்வரை போர்த்திக்கொண்டு, அப்புறம் அங்கேயே விட்டுவிடுவதற்கு ஒரு பழைய சட்டையும் எடுத்துப் போங்கள்.