வீட்டு பிராட்பேண்டுக்கு மல்டிமோட் ஃபைபர் போட்டால் செலவு குறையுமா?

குறையாது. குறையும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. மல்டிமோட் இழையின் கோர், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதி, 50 அல்லது 62.5 மைக்ரான். ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள்மோட் இழையில் சுமார் 9 மைக்ரான்தான். அகலமான கோருக்குள் ஒளியைச் செலுத்துவது சுலபம், குறைந்த வேகத்துக்கு விலை குறைந்த எல்இடியே போதும். 1978இல் ஜப்பானின் ஹிகாஷி இகோமாவில் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துப் பார்த்த ஹை-ஓவிஸ் சோதனையும் மல்டிமோடில்தான் நடந்தது. ஆனால் மலிவு இரு முனைக் கருவிகளில்தான். கண்ணாடி இழை மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் சிங்கிள்மோட்தான் விலை குறைவு.

அப்புறம் தூரம். மல்டிமோடில் ஒளி பல பாதைகளில் போய், ஒன்று முந்தி ஒன்று பிந்தி வந்து சேரும். அதனால் ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு ஓஎம்2 என்ற மல்டிமோட் வகைக் கேபிளில் 550 மீட்டர்தான் எல்லை. 10 ஜிகாபிட் என்றால் 82 மீட்டர். வீட்டு ஃபைபர் இணைப்புக்கான ஜிபான் தொழில்நுட்பம் சிங்கிள்மோடில் 20 கிலோமீட்டர் போகும்.

"சரி, 500 மீட்டருக்கு ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வைத்தால் ஆச்சு" என்று தோன்றும். அங்கேதான் கை சுடும். எங்கள் ஊர் கேபிள்காரர் ஒருவரிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். மொட்டை மாடிகளில் தகரப் பெட்டி, உள்ளே சுவிட்ச், ஒளியை மின் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். கரண்டுக்கு வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டும். அவர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால் தெருவுக்கே நெட் போச்சு. ஐப்பசி இடி மழையில் ஒரே ராத்திரியில் நாலு சுவிட்ச் கருகிய கதையும் உண்டு. ஜிபானில் இந்தத் தொல்லையே இல்லை: நடுவில் இருப்பது கரண்டே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர், ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். செலவில் பெரும்பங்கு பள்ளம், கம்பம், கூலி என்று போய்விடுகிறது. எந்த இழை போட்டாலும் அது மாறாது. பிறகு 10 ஜிகாபிட்டுக்கு மாற வேண்டுமானால், சிங்கிள்மோடில் கேபிளைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று. கையில் இருக்கும் மிச்ச மல்டிமோட் கேபிளை ஜிபானுக்கு நடுவில் சொருகாதீர்கள். நண்பர் ஒருவர் 80 மீட்டர் சொருகிவிட்டு, இணைப்பு ஏன் விட்டுவிட்டு வருகிறது என்று இரண்டு நாள் தேடினார். 50 மைக்ரானிலிருந்து 9 மைக்ரானுக்கு ஒளி திரும்பும் இடத்தில் பரப்பு 30 மடங்கு சுருங்குகிறது. ஒளி கோர் முழுக்கப் பரவியிருந்தால் அங்கேயே சுமார் 15 டெசிபெல் போச்சு, அதாவது ஒளியில் 30இல் ஒரு பங்குதான் மிஞ்சும். பி பிளஸ் வகை ஜிபானில் மொத்த பட்ஜெட்டே, அதாவது வழி முழுக்க இழக்கத் தாங்கும் ஒளியே, 28 டெசிபெல். 32 பிரிப்பு ஸ்ப்ளிட்டர் அதில் ஏறக்குறைய 17ஐ விழுங்கியிருக்கும்.

அடுக்குமாடிக்குள் ஏற்கெனவே ஓஎம்3 (ஓஎம்2ஐவிட மேம்பட்ட மல்டிமோட் வகை) ஓடியிருந்தால் மட்டும் பிடுங்க வேண்டாம். கீழே ஒரு சுவிட்ச், பிளாக்குக்கு ஒரு சுவிட்ச் என்று போட்டால் 300 மீட்டர் வரை 10 ஜிகாபிட் ஓடும். எது என்று கண்டுபிடிக்க உறையின் நிறத்தைப் பாருங்கள்: கட்டடத்துக்குள் ஓடும் கேபிளில் பெரும்பாலும் வெளிர்நீலம் ஓஎம்3, ஆரஞ்சு ஓஎம்1 அல்லது ஓஎம்2, மஞ்சள் சிங்கிள்மோட். கறுப்பு உறையாக இருந்தால் மேலே அச்சடித்திருப்பதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.