ஹாலின் தரை, சோபா, திரைச்சீலை: எதை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

எங்கள் ஹாலில் டீப்பாய் சோபாவுக்கு முன்னால் இருக்காது, ஜன்னலோரமாகக் கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். அதை நகர்த்தினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மொசைக் தரை வெளிறிப்போயிருப்பது தெரியும். பூந்தொட்டி ஸ்டாண்டின் துருக்கறை போகவில்லையே என்று பாத்ரூம் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினேன். சுர்ரென்று நுரை பொங்கியது. அழுக்கு கரைகிறது என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைந்தது தரை.

மொசைக்கில் இருப்பது சிமெண்டும் மார்பிள் சில்லும். இரண்டையும் ஆசிட் அரித்துவிடும். மார்பிள் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே கதிதான். எலுமிச்சை, வினிகர் என்று வீடியோக்களில் சொல்வதும் அமிலமே. டைல்ஸ் பரவாயில்லை, ஆனால் அதன் இடுக்கில் பூசியிருப்பது பெரும்பாலும் சிமெண்ட். இன்னொன்று: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வருகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

தினசரிக்கு நன்றாகப் பெருக்கிவிட்டு வெறும் தண்ணீரில் மாப் போட்டாலே போதும். வாரம் ஒருநாள் சோப்பு நீர், அதுவும் அரை வாளிக்கு ஒரு மூடி. வாசனைக்காக அள்ளி ஊற்றினால் காலில் பிசுபிசுவென்று ஒட்டும், அந்தப் பிசுக்கில் மறுநாளே தூசி படியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தானாகக் காயவிடாமல் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், வெள்ளைத் திட்டு வராது.

ஆனால் தரை கடைசி வேலை. முதலில் ஒட்டடை, அப்புறம் ஃபேன். பழைய தலையணை உறையை ஃபேன் இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், சோபாவில் கொட்டாது.

சோபாவில் எங்களுக்குப் பெரிய தலைவலி தலைச் சாயும் இடத்தில் வரும் எண்ணெய்க் கறை. அப்பாவின் தேங்காய் எண்ணெய்! ரெக்சின் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு விட்டு, துணியை இறுகப் பிழிந்து துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணி. துணி சோபா என்றால் டால்கம் பவுடரைத் தூவி ஒருமணி நேரம் விட்டு பிரஷால் தட்டுங்கள், எண்ணெயை அது ஓரளவு உறிஞ்சிவிடும். இப்போதெல்லாம் அப்பா உட்காருகிற இடத்தில் ஒரு டவல் போட்டுவிடுகிறேன். மரச்சாமானுக்கு உலர்ந்த துணியே போதும். எண்ணெய் தடவினால் இரண்டு நாள் பளபளப்பு, மூன்றாம் நாள் தூசி.

ஜன்னல் கொசுவலையை நனைக்காமல் முதலில் பிரஷால் தட்டுங்கள். தூசியோடு நனைத்தால் சேறாகிக் கண்ணிகளில் அடைத்துக்கொள்ளும். திரைச்சீலையையும் அப்படித்தான், மொட்டைமாடியில் உதறிவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். துவைத்ததும் கொடியில் போடாதீர்கள். தண்ணீர் சொட்டாத அளவு ஈரத்தோடு அதே கம்பியில் மாட்டி, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவிட்டால் அதன் கனத்திலேயே சுருக்கம் இறங்கிவிடும். ஆறடித் துணியை இஸ்திரி போடுகிற வேலை மிச்சம்.