ரேஸ் கிளட்ச்சும் சில்க் போர்டு சிக்னலும்

கே: 1.3 டீசல் ஸ்விஃப்ட், ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தி கூட்டி) எட்டு மாதம். நாலாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. 'ஸ்டேஜ் 3' செராமிக் கிளட்ச் 38,000 ரூபாய் என்கிறார் ரீமேப் செய்த டியூனர். தினமும் பெங்களூரு நெரிசலில் ஒயிட்ஃபீல்டு – சில்க் போர்டு ஓட்டம். போடலாமா?
(மாரத்தஹள்ளி வாசகர்)

ப: வேண்டாம். கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது இன்ஜினைப் பிடிக்காமல் வழுக்குகிறது, மாற்றத்தான் வேண்டும், அதில் டியூனர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஸ்டேஜ் 1, 2, 3 எல்லாம் கடைக்காரர் வைத்த பெயர், பொதுவான அளவுகோல் கிடையாது. கேட்க வேண்டியது எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) தாங்கும் என்பதைத்தான். உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது 190. இப்போது எவ்வளவு என்று டியூனரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதைத் தேடுங்கள்.

செராமிக் சூட்டைத் தாங்கும், ஆனால் பிடித்தால் ஒரே பிடி, பெடலைப் பாதி விட்டு ஊர்ந்து போகிற வேலை அதற்கு ஆகாது. பட்டுத்தான் சொல்கிறேன். என் பழைய மாருதி எஸ்டீமில் ஆசைப்பட்டு அப்படி ஒன்றை மாட்டி, டின் ஃபேக்டரி நெரிசலில் வண்டி உதறிய உதறலில் பின்சீட்டிலிருந்து அம்மா "வண்டிக்குக் குளிர்ஜுரமாப்பா?" என்று கேட்டார். நாலே மாதத்தில் கழற்றினேன். கியர்பாக்ஸ் இறக்குகிற கூலி இரண்டு தடவை தண்டம்.

உங்களுக்குத் தோது, சாதாரண ஆர்கானிக் லைனிங் பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கிற, கொஞ்சம் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும். பெடல் சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். ரீமேப் மிதமானது என்றால் புதிய ஒரிஜினல் செட்டே தாங்கக்கூடும், ஏனென்றால் இப்போது வழுக்குவது தேய்ந்த பிளேட். 2,000 ஆர்.பி.எம். வாக்கில் டார்க்கைக் கொஞ்சம் இறக்கித் தரச் டியூனரிடம் சொல்லுங்கள், இருப்பதிலேயே சல்லிசான வழி அது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கை மாற்றிவிட்டு, ஃப்ளைவீலையும் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் முதல் 500 – 800 கிலோமீட்டர் பூப்போல ஓட்டுங்கள்.

கே: சிவாஜி நகரில் பழைய கிளட்ச் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(கே.ஆர். புரம்)

ப: கூலி பாதியாகுமா? ஆகாது. அப்புறம் எதற்கு?

கே: முழு கிளட்ச் செட் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் சத்தம். வேறு மெக்கானிக் திறந்து பார்த்து, பிளேட் மட்டும்தான் புதுசு என்கிறார். கையில் துண்டுச் சீட்டுதான் இருக்கிறது.
(அல்சூர் வாசகி)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவும் சாட்சிதான். கழற்றிய பாகங்களைப் படம் எடுத்து, இரண்டாவது மெக்கானிக்கிடம் பார்த்ததை எழுதி வாங்குங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இந்த பில் விஷயத்தில் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி சார்" என்று கேட்டதும் நாம் எல்லோரும் பதறி வேண்டாம் என்கிறோம். மிச்சம் பிடித்ததாக நினைக்கிறோம், விட்டது நம் பிடியை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே, பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். டிக்கியில் கிடந்து நாறினாலும் பரவாயில்லை.

கே: இது மூன்றாவது கிளட்ச், 8,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. ஹெப்பால் மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்துவேன், நல்ல கன்ட்ரோல். கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?
(எலஹங்கா)

ப: போடுங்கள். முதல் எதிரி உங்கள் இடது கால்.